வாசகர் கேள்வி, நமது பதில்: ஆர்தர் ஆஷும் மூடிக் கிடந்த மைதானங்களும்

சென்ற இதழில் அமெரிக்க ஓபன் டென்னிஸ் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதியபோது, நியூயார்க்கில் அதன் இறுதி ஆட்டங்கள் நடைபெறும் அரங்கத்துக்கு ஆர்தர் ஆஷ் என்ற கறுப்பின வீரரின் பெயர் சூட்டப்பட்டிருப்பதை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சென்னையின் பல பகுதிகளிலிருந்தும் வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, மூன்று கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை மட்டுமே வென்ற ஒருவரின் பெயரை அவ்வளவு பெரிய அரங்கத்துக்கு ஏன் வைத்தார்கள்? அவரைவிட அதிகம் வென்ற அமெரிக்கர்கள் பலர் இருக்கிறார்களே?
பெரம்பூர் வாசகர்

பதில்: பட்டங்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த மூன்று பட்டங்களை நோக்கி ஆஷ் எங்கிருந்து புறப்பட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் 1943 ஜூலை 10 அன்று அவர் பிறந்தபோது, அங்கே பள்ளி, பேருந்து, உணவகம், பூங்கா என எல்லாமே வெள்ளையருக்குத் தனியாகவும் கறுப்பினத்தவருக்குத் தனியாகவும் சட்டப்படியே பிரிக்கப்பட்டிருந்தன. கறுப்பினத்தவருக்கென விடப்பட்டிருந்த புரூக்ஃபீல்டு பூங்காவை அவருடைய தந்தை பராமரித்து வந்தார். பூங்காவுக்குள்ளேயே இருந்த வீட்டில்தான் குடும்பம் வசித்தது. வாசற்படியை விட்டு இறங்கினால் டென்னிஸ் கோர்ட் என்ற அந்த ஒரு வசதியைத் தவிர, டென்னிஸ் வீரராவதற்கு வேண்டிய வேறு எதுவும் அந்தச் சிறுவனுக்கு வாய்க்கவில்லை. 1950இல், ஏழு வயது நிரம்புவதற்குள் தாயை இழந்தான். அதே பூங்காவில் விளையாட வரும் ரான் சாரிட்டி என்ற கறுப்பினக் கல்லூரி மாணவர், கோர்ட்டின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த அந்த ஒல்லிப் பையனைக் கூப்பிட்டு மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நகரின் நல்ல கோர்ட்டுகள் இருந்த பேர்ட் பூங்காவில் அவனுக்கு அனுமதி இல்லை. அங்கு நடந்த போட்டிகளிலும் அவன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்படித் தொடங்கியவர் 1968இல் அமெரிக்க ஓபனையும், 1970இல் ஆஸ்திரேலிய ஓபனையும், 1975இல் விம்பிள்டனையும் வென்றார். இந்த மூன்றையும் ஆண்கள் ஒற்றையரில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. இதை எழுதும் நாள் வரை அவருக்குப் பின் வேறொரு கறுப்பின ஆடவர் அந்த மூன்றில் எதையும் வென்றதில்லை. நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பைப் போட்டிக்கான அமெரிக்க அணிக்கு 1963இல் தேர்வான முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். ஆயினும் 1997இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் அவர் பெயரைத் தாங்குவதற்கு, ஆடுகளத்துக்கு வெளியே அவர் செய்த காரியங்களே பெரிய காரணம் என்பது எம் கருத்து. அவற்றைக் கீழே வரும் பதில்களில் காணலாம்.

கேள்வி: என் மகன் அம்பத்தூரிலிருந்து வாரம் நான்கு நாள் டென்னிஸ் பயிற்சிக்குச் செல்கிறான். "சாதுவாக இருந்தால் ஜெயிக்க முடியாது, நடுவரிடம் சண்டை போடக் கற்றுக்கொள்" என்று அங்கே சொல்கிறார்களாம். ஆஷ் ஆடுகளத்தில் மிகவும் அமைதியானவர் என்று படித்திருக்கிறேன். அவருக்கு அந்த அமைதி எப்படி வந்தது?
அம்பத்தூர் வாசகர்

பதில்: அந்த அமைதி இயல்பாக வந்தது பாதி, பயிற்றுவிக்கப்பட்டது பாதி. அந்தப் பயிற்சியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரான் சாரிட்டி தம்மால் இயன்ற அளவு கற்றுக்கொடுத்த பின், சிறுவனை லின்ச்பர்க் என்ற ஊரில் இருந்த ராபர்ட் வால்ட்டர் ஜான்சன் என்ற கறுப்பின மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். ஜான்சன் தம் வீட்டுத் தோட்டத்தில் சொந்தச் செலவில் டென்னிஸ் கோர்ட் அமைத்து, ஒவ்வொரு கோடையிலும் கறுப்பினச் சிறுவர் சிறுமியரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துச் சோறு போட்டுப் பயிற்சி கொடுத்தவர். ஆஷ் அங்கே முதன்முதலாகப் போனபோது அவருக்குப் பத்து வயது. மட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்றச் சொன்னதும், சாரிட்டி வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று மறுத்துவிட்டார். ஜான்சன் தந்தைக்குத் தகவல் சொல்ல, அவர் ரிச்மண்டிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, இங்கே இருப்பதென்றால் டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், இல்லையென்றால் இப்போதே என்னுடன் கிளம்பு என்று மகனிடம் சொன்னார். அதன்பின் ஆஷ் அங்கே மறுபேச்சுப் பேசியதில்லை.

ஜான்சன் கற்றுக்கொடுத்த விதிகள் எந்த டென்னிஸ் புத்தகத்திலும் இருக்காதவை. எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு ஓரிரு அங்குலம் வெளியே விழுந்தாலும், அதை உள்ளே விழுந்ததாகவே கருதி ஆடு. இடம் மாறும்போது உன் பக்கத்தில் கிடக்கும் பந்துகளைப் பொறுக்கி எதிராளியின் கையில் கொடு. தீர்ப்பு தவறாக வந்தாலும் முகத்தில் காட்டாதே. மட்டையை எறியாதே. இவற்றுக்குப் பின்னால் இருந்த கணக்கு எளியது. வெள்ளையர் நடத்தும் போட்டிக்குள் ஒரு கறுப்பினப் பையனை விடுவதற்கே அவர்களுக்கு மனம் வராத காலத்தில், அவன் ஒரே ஒரு முறை குரலை உயர்த்தினாலும் "இதற்காகத்தான் இவர்களைச் சேர்ப்பதில்லை" என்று சொல்லி மொத்தப் பேருக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தச் சாக்கை ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்பதில் ஜான்சன் கண்டிப்பாக இருந்தார்.

இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. பத்து வயதுக் குழந்தை, தனக்கு உரிய புள்ளியை விட்டுக்கொடுத்தால்தான் ஆட்டத்தில் நிற்க முடியும் என்று கற்றுக்கொள்வதைப் பண்பாடு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. அந்த அமைதிக்காக ஆஷ் பின்னாளில் ஏச்சும் வாங்கினார். 1960களின் இறுதியில் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் தீவிரமடைந்தபோது, அவர் மிகவும் அடக்கமாக இருக்கிறார், வெள்ளையரின் மனம் கோணாமல் நடக்கிறார் என்று சொந்த இனத்தவரே அவரைக் குறை கூறினார்கள். 1968 மார்ச்சில் வாஷிங்டன் தேவாலயம் ஒன்றில் விளையாட்டு வீரர்களின் சமூகப் பொறுப்பைப் பற்றி முதன்முறையாகப் பொதுவெளியில் பேசினார். அப்போது ராணுவத்தில் இருந்ததால் மேலதிகாரிகளின் கண்டிப்புக்கும் ஆளானார்.

உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: தீர்ப்பு தவறென்று தோன்றினால் விதிப்படி நடுவரிடம் கேட்பதற்கு அவனுக்கு முழு உரிமை உண்டு, அதைப் பயமின்றிக் கேட்கட்டும், கேட்டபின் அடுத்த பந்துக்குத் தயாராகட்டும். ஆஷுக்கு மறுக்கப்பட்டிருந்த அந்த உரிமை அவனுக்கு இருக்கிறது. சண்டை போடத் தெரிந்தால்தான் வெற்றி என்ற பேச்சுக்கு, கீழே நாம் விவரிக்கும் 1975 விம்பிள்டன் இறுதி ஆட்டமே போதுமான பதில்.

கேள்வி: 1968 அமெரிக்க ஓபனை வென்ற ஆஷுக்குப் பரிசுப் பணம் தரப்படவில்லையாமே? அதுவும் நிறவெறிதானா?
ராயப்பேட்டை வாசகி

பதில்: இல்லை, அதற்குக் காரணம் வேறு. டென்னிஸில் தொழில்முறை வீரர்களும், பரிசுப் பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் வீரர்களும் சேர்ந்து ஆட அனுமதி கிடைத்த முதல் ஆண்டு அது. ஆஷ் அப்போது வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்விக்கூடத்தில் லெப்டினன்ட்டாகப் பணியாற்றிக்கொண்டு, டேவிஸ் கோப்பை அணியில் நீடிப்பதற்காக அமெச்சூராகவே இருந்தார். எனவே இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் டாம் ஓக்கரை 14-12, 5-7, 6-3, 3-6, 6-3 என்று ஐந்து செட்டில் வென்றும், 14,000 டாலர் பரிசு தோற்றவருக்கே போயிற்று. ஆஷுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் படி கிடைத்தது.

கேள்வி: 1974இல் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய இந்திய அணி, தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்து டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தது என்று என் தந்தையார் பெருமையோடு சொல்வார். ஆனால் கறுப்பினத்தவரான ஆஷ் அதற்கு முந்திய ஆண்டு தாமே விரும்பிக் கேட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடியிருக்கிறார். இதில் யார் செய்தது சரி?
கீழ்ப்பாக்கம் வாசகர்

பதில்: வந்த கேள்விகளிலேயே நம்மை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி இது.

முதலில் நம் வீரர்கள். அந்த ஆண்டு இந்தியா கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் புனேயில் சோவியத் ஒன்றியத்தையும் வென்று இறுதிக்கு வந்தது. சென்னை மண்ணில் ஆடி வளர்ந்த அமிர்தராஜ் சகோதரர்களில் விஜய்க்கு அப்போது இருபது வயது, ஆனந்துக்கு இருபத்திரண்டு. எதிரே தென்னாப்பிரிக்கா. ஆட வேண்டாம் என்பது இந்தியாவின் முடிவு. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. 1966, 1974, 1987 என மூன்று முறை இறுதியை எட்டியும் இந்தியா இதுவரை டேவிஸ் கோப்பையை வென்றதில்லை என்பதை நினைத்தால், அந்த இளைஞர்கள் கைவிட்டது எவ்வளவு பெரியது என்பது விளங்கும். அந்த முடிவுக்குப் பின்னால் நீண்ட வரலாறும் இருந்தது. 1860இல் இதே சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் சந்ததியினர் தென்னாப்பிரிக்காவில் இரண்டாந்தரக் குடிகளாக நடத்தப்பட்டார்கள். சுதந்திரத்துக்கு முன்பே, 1946இல், இந்தியா அந்நாட்டோடு வணிக உறவை முறித்துக்கொண்டிருந்தது.

இனி ஆஷ். அவர் 1969இலும் 1970இலும் தென்னாப்பிரிக்க ஓபனில் ஆட விசா கேட்டார். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். உலகறிந்த ஒரு வீரரைத் தோல் நிறத்துக்காகத் தடுக்கிறோம் என்று அந்த அரசே ஒப்புக்கொண்டதைப் போன்றது அது. அந்நாட்டை டேவிஸ் கோப்பையிலிருந்து விலக்கிவைத்ததற்கும் அந்த மறுப்பு ஒரு காரணமாயிற்று. 1973இல் விசா கிடைத்தபோது அவர் நிபந்தனைகள் விதித்தார். தம்மைக் "கௌரவ வெள்ளையர்" என்று அழைக்கக் கூடாது, அரங்கில் பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது, விரும்பிய இடத்துக்குப் போகவும் விரும்பியதைப் பேசவும் தடை இருக்கக் கூடாது. ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் அரங்கில் ஒற்றையர் இறுதியில் அமெரிக்கரான ஜிம்மி கானர்ஸிடம் தோற்று, ஓக்கருடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்டிருந்த சொவேட்டோ குடியிருப்புப் பகுதிக்குச் சென்று அங்குள்ள சிறுவர்களுடன் ஆடினார்.

ஆனால் பார்வையாளர் இருக்கை பற்றிய வாக்குறுதி முழுமையாகக் காப்பாற்றப்படவில்லை. அங்கிருந்த கறுப்பினப் பத்திரிகையாளர் சிலர், நீங்கள் வந்ததே தவறு, உங்களை வைத்து இந்த அரசு தன் முகத்தைக் கழுவிக்கொள்கிறது என்று அவரிடம் நேருக்கு நேர் சொன்னார்கள். அதே சமயத்தில், யாருக்கும் தலை வணங்காமல் நடக்கும் ஒரு கறுப்பு மனிதரை முதன்முறையாகக் கண்ணால் பார்த்த சிறுவர்களும் அங்கே இருந்தார்கள். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவரான மார்க் மாதபானே பின்னர் டென்னிஸ் மூலமாகவே அமெரிக்கக் கல்லூரிக்குச் சென்று எழுத்தாளரானார்.

பூட்டிய வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை உள்ளே போய்ப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று ஆஷ் நம்பினார். போய்ப் பார்த்த பிறகு, சில ஆண்டுகளில் புறக்கணிப்பே வழி என்ற நிலைக்கு வந்தார். 1983இல் பாடகர் ஹாரி பெலஃபான்ட்டேயுடன் இணைந்து, கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லக் கூடாது என்ற இயக்கத்தைத் தலைமையேற்று நடத்தினார். 1985 ஜனவரியில் வாஷிங்டனில் அந்நாட்டுத் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார். ஆகவே, 1974இல் நம் அணி நின்ற இடத்துக்கு ஆஷ் தம் வழியில் சுற்றி வந்து சேர்ந்தார் என்றுதான் நாம் பார்க்கிறோம். 1973 பயணத்தைத் தவறென்று சொல்ல நமக்கு மனமில்லை. கேட்டுக் கேட்டு மறுக்கப்பட்ட வாசலுக்குள் நுழைய ஒரு கறுப்பினத்தவர் விரும்பியதும், அந்த வாசலைத் தொடவே மாட்டோம் என்று மற்றொரு நாடு விலகி நின்றதும் ஒரே அநீதியை எதிர்த்துத்தான். ஆனால் எது அதிக வலியை ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், கையில் வந்த இறுதி ஆட்டத்தை விட்டுக்கொடுத்த நம் ஊர்ப் பிள்ளைகளின் பக்கமே நாம் நிற்போம். உங்கள் தந்தையாரின் பெருமை முற்றிலும் நியாயமானது.

கேள்வி: 1975 விம்பிள்டனில் கானர்ஸை ஆஷ் வென்றதை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?
நங்கநல்லூர் வாசகர்

பதில்: ஆஷுக்கு 32 வயது நிறைய ஐந்து நாட்களே இருந்தன, கானர்ஸுக்கு 22. கானர்ஸ் முந்திய ஆண்டின் சாம்பியன். அந்தப் போட்டியில் இறுதி வரை ஒரு செட்டைக்கூட இழக்காமல் வந்தவர். அதற்கு முன் ஆஷ் அவரை வென்றதே இல்லை. போதாததற்கு, டென்னிஸ் வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த ஆஷ் மீது கானர்ஸ் வழக்கும் தொடுத்திருந்தார். டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆடாமல் ஒதுங்கியிருந்த கானர்ஸின் எதிரே, ஆஷ் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியின் மேற்சட்டையை அணிந்து கோர்ட்டுக்குள் வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லும் முறை அது.

வேகமாக வரும் பந்தை அதே வேகத்தில் திருப்பி அடிப்பதில் கானர்ஸுக்கு இணையில்லை. ஆஷும் வேகமாக அடித்து ஆடிப் பழகியவரே. ஆனால் நண்பர்களுடன் கலந்து பேசி, அன்று தம் வழக்கமான ஆட்டத்தையே கைவிட்டார். வேகத்தைக் குறைத்து, கானர்ஸின் ஃபோர்ஹேண்ட் பக்கம் பந்தைத் தாழ்வாக விட்டார். இரண்டு கையால் பிடித்து அடிக்கும் பேக்ஹேண்ட் எட்டாதபடி சர்வீஸை அகலமாகப் போட்டார். கானர்ஸ் வலையை நெருங்கினால் பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கி அடித்தார். முதல் இரண்டு செட்டுகள் 6-1, 6-1. மூன்றாவதை 5-7 என இழந்து, நான்காவதில் பின்தங்கிய நிலையிலும் முறையை மாற்றாமல் ஆடி 6-4 என முடித்தார். இடைவேளைகளில் நாற்காலியில் கண்களை மூடி அசையாமல் அமர்ந்திருந்தார். ஜான்சன் வீட்டுத் தோட்டத்தில் பத்து வயதில் கற்ற கட்டுப்பாடு, ஆளை அடக்கி வைப்பதற்காகத் தொடங்கி, உலகின் முதல் நிலை ஆட்டக்காரரை வெல்லும் கருவியாக அன்று மாறியிருந்தது.

கேள்வி: ஆஷின் மனைவி தமிழ் வம்சாவளியினர் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
மந்தைவெளி வாசகி

பதில்: அவருடைய மனைவி ஜீன் முட்டுசாமி, பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர், 1977 பிப்ரவரியில் திருமணம் நடந்தது. ஜீனின் தந்தைவழிக் குடும்பம் கரீபியக் கடலில் பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் குவாதலூப் தீவைச் சேர்ந்த இந்திய வம்சாவளிக் குடும்பம். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகள் கொண்டு செல்லப்பட்டார்கள். முத்துசாமி என்ற பெயர் பிரெஞ்சு எழுத்தில் அங்கே நிலைத்துவிட்டது. ஜீனின் தாய்வழியினர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள்.

கேள்வி: ஆஷுக்கு முன் டென்னிஸில் கறுப்பினத்தவர் யாருமே இல்லையா? அவருக்குப் பின் யாரை அவர் உருவாக்கினார்?
திருவொற்றியூர் வாசகர்

பதில்: இருந்தார், அவர் ஒரு பெண். தென் கரோலினாவில் 1927இல் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த ஆல்த்தியா கிப்சன், 1950இல் அமெரிக்க தேசியப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அதற்கும் ஒரு வெள்ளையரின் மனசாட்சி பேச வேண்டியிருந்தது: முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள், கிப்சனைத் தடுப்பது இந்த விளையாட்டுக்கே இழுக்கு என்று டென்னிஸ் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். 1956இல் பிரெஞ்சுப் பட்டம், 1957இலும் 1958இலும் விம்பிள்டனும் அமெரிக்கப் பட்டமும் கிப்சனுக்குக் கிடைத்தன. அவரையும் வளர்த்தவர் அதே டாக்டர் ஜான்சன்தான். பரிசுப் பணம் இல்லாத காலத்தில் வென்றதால் கிப்சன் முதுமையில் வறுமையில் வாடினார். இரட்டையரில் அவருடன் ஆடிய பிரிட்டனின் ஏஞ்சலா பக்ஸ்டன் உதவிக்கு வந்தார். கிப்சனுக்கு அமெரிக்க ஓபன் வளாகத்தில் சிலை வைக்க 2019 வரை ஆயிற்று என்பது நம்மை உறுத்துகிறது.

ஆஷுக்குப் பின் என்று கேட்டால், 1971இல் கேமரூன் நாட்டுக்குச் சென்றபோது யாவுண்டே நகரில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் ஆடுவதைக் கண்டு, பிரான்ஸில் தமக்குத் தெரிந்த டென்னிஸ் நிர்வாகி பிலிப் ஷாத்ரியேவிடம் சொல்லிப் பயிற்சிக்கு வழி செய்தார். அந்தச் சிறுவன் யானிக் நோவா, 1983இல் பிரெஞ்சு ஓபனை வென்றார். நகர்ப்புற ஏழைக் குழந்தைகள் மட்டை பிடிப்பதற்காக 1969இல் சார்லி பசரெல் முதலிய நண்பர்களோடு ஆஷ் தொடங்கிய இளையோர் டென்னிஸ் அமைப்பு இன்றும் இயங்குகிறது.

கேள்வி: தமக்கு எய்ட்ஸ் இருப்பதை ஆஷ் ஏன் மறைத்தார்? புகழ்பெற்றவர் மறைத்தது சரியா?
கொளத்தூர் வாசகர்

பதில்: மறைத்தார் என்ற சொல்லே அவருக்கு அநீதி செய்வதாக நமக்குப் படுகிறது. 1979இல் மாரடைப்பு வந்து இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், 1983இல் மீண்டும் ஒருமுறை அதே சிகிச்சைக்கு உட்பட்டார். அப்போது அவருக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அமெரிக்காவில் ரத்த தானத்தின்போது அக்கிருமியைச் சோதிக்கும் முறை 1985இல்தான் வந்தது. 1988இல் வலது கை செயலிழந்து மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோதுதான் நோய் தெரியவந்தது. அவர்கள் தத்தெடுத்த மகள் கேமராவுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் குழந்தையைப் பள்ளியிலும் தெருவிலும் எப்படிப் பார்ப்பார்கள் என்ற கவலையை எந்தப் பெற்றோரும் புரிந்துகொள்வார்கள்.

நம் சென்னை இதை நன்றாகவே அறியும். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி 1986இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில்தான். அதன்பின் பல ஆண்டுகள் இந்த நோயாளிகளைத் தொடவே இந்த ஊரில் பலர் அஞ்சினார்கள்.

1992 ஏப்ரலில் ஒரு நாளிதழ் செய்தியை வெளியிடப் போவதாகத் தெரிந்ததும், ஆஷ் ஏப்ரல் 8 அன்று தாமே செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தார். அறிக்கையைப் படித்துக்கொண்டே வந்தவர் மகளைப் பற்றிய பகுதி வந்ததும் குரல் அடைத்து நின்றுவிட, ஜீன் அருகில் வந்து அந்தப் பகுதியை வாசித்தார். ஆஷ் பதவியில் இருப்பவரும் அல்லர், தேர்தலில் நிற்பவரும் அல்லர். அவருடைய நோயை ஊருக்குச் சொல்ல எந்தப் பத்திரிகைக்கும் உரிமை இல்லை என்பதே எம் கருத்து. பத்திரிகை நடத்துபவர்களாகிய நாம் இதை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வெளியே தெரிந்த பின் அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. எய்ட்ஸ் ஆராய்ச்சிக்காக அறக்கட்டளை தொடங்கினார். ஹைட்டி நாட்டு அகதிகளைத் திருப்பி அனுப்புவதைக் கண்டித்து 1992 செப்டம்பரில் வெள்ளை மாளிகை முன் கைதானார். எய்ட்ஸ்தானே உங்கள் வாழ்வில் மிகப் பெரிய சுமை என்று ஒரு செய்தியாளர் கேட்டதற்கு, இல்லை, கறுப்பினத்தவனாக வாழ்ந்ததே அதைவிடப் பெரிய சுமை என்ற பொருளில் பதில் சொன்னார். 1993 பிப்ரவரி 6 அன்று, 49 வயதில் காலமானார்.

கேள்வி: நம் நாட்டில் நிறத்துக்குப் பதில் சாதி. ஆஷைப் போல நம்மிடையே யாராவது உண்டா?
வியாசர்பாடி வாசகி

பதில்: ஆஷ் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒருவர் இருந்தார்: பல்வங்கர் பாலூ. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த இந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சுக் கிரிக்கெட் வீரர், புனேயில் ஐரோப்பியரின் கிளப்பில் ஆடுகளத்தைச் சமன் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே, வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பந்து போட்டுத் தம் கலையைக் கூர்மையாக்கிக்கொண்டார். மதவாரியாக அணிகள் பிரிந்து ஆடிய அந்நாளில், அவர் திறமையைக் கண்டு இந்து அணியினர் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை அவர்களும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவரை, அணித் தலைவராக்க மட்டும் கடைசி வரை மனம் வரவில்லை.

ஆஷுக்கு ஒரு ஜான்சன் கிடைத்தார். பாலூவுக்குத் தம்பிகள் இருந்தார்கள். 1920இல் அண்ணனுக்குத் தலைமை மறுக்கப்பட்டதைக் கண்டித்து, அதே அணியில் ஆடிய விட்டலும் சிவராமும் விலகிக்கொண்டார்கள். பொதுமக்களிடமும் குரல் எழுந்தது. பாலூவைத் துணைத் தலைவராக்கி, ஆட்டத்தின் நடுவே தலைவர் களத்தை விட்டு வெளியேற, பாலூ சிறிது நேரம் அணியை நடத்தும்படி ஒரு சமரசம் செய்தார்கள். 1923இல் விட்டல் முழுத் தலைவராகப் பொறுப்பேற்று, அந்த ஆண்டு, நான்கு அணிகள் மோதிய நால்வர் போட்டிக் கோப்பையை இந்து அணிக்கு வென்று தந்தார்.